மஞ்சள் உதடு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மல் தொல்லை உண்டு, ஐயா. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

ஆர்க்கிட் வளர்ப்புக் கூடத்தில் விதை போடுகிறவன் நான். அந்த விதை தூசு மாதிரி இருக்கும். மற்ற விதைகளைப் போலச் சாப்பாடு கட்டிக்கொண்டு வராது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். இங்கே பாட்டிலில் கூழ் வைத்து நாங்கள் ஊட்டுகிறோம். பூக்க ஏழு வருடம்.

தங்கை புருஷன், என் மச்சான், அங்கேயே மரமேறி. ஒரே மரத்தில் மிஞ்சியிருந்த மஞ்சள் உதட்டுப் பூவின் கடைசிக் காயை அவர்தான் இறக்கிக் கொடுத்தார். மறுமாதம் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். காயைக் காகிதத்தில் உடைத்தேன். தும்மினேன். ஒரு இனமே பறந்துபோயிற்று.

ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதே காகிதத்தில் பக்கத்துத் தொட்டிக் காயைத் தட்டி, பாட்டில்களை நிரப்பினேன். அவரே சொல்லியிருக்கிறார்: சில ஆர்க்கிட்டின் உதடு, அந்தக் கீழ் இதழ், பெண்குளவி மாதிரியே இருக்கும், ஆண்குளவி ஏமாந்து வந்து மகரந்தத்தைச் சுமந்துபோகும். "ஏமாத்தணும்னு பூ நினைக்கல. நல்லா ஏமாத்தினது பிழைச்சுது, அவ்வளவுதான்." பூவை யாரும் விசாரிப்பதில்லை.

ஏழாம் வருடம் மொட்டு வந்தது. போன மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மச்சான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன மச்சான், உதடு கறுத்திருக்கு? வேற வீட்டுப் பிள்ளைக்கா ஏழு வருஷம் பால் குடுத்தோம்?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மாகிட்டச் சொல்லிடு. இல்லேன்னா திங்கக்கிழமை நானே சொல்லுவேன். உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறின மரம்டா அது."

"சரி மச்சான்" என்றேன். மற்ற மொட்டுகளைப் பார்க்க அவர் கடைசி வரிசைக்குப் போனார். பூச்சிக்கு விஷப்புகை போடுவது அன்று என் முறை. கதவடைக்குமுன் மூன்று தடவை குரல் கொடுக்கவேண்டும். கொடுத்தேன், வாய்க்குள். வெளியே தாழ் போட்டேன். சுவர் உடையாத பிளாஸ்டிக் தகடு. கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. செடிகளைத் தள்ளிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். ஒன்றையும் தள்ளவில்லை. நல்ல மனுஷன். தங்கையிடமும் அதைத்தான் சொன்னேன்.

விபத்து என்று எல்லாரும் நம்பினார்கள். விசாரிக்க வந்த நீங்களும்தான்.

நேற்று பூக்கள் விரிந்துவிட்டன. எல்லாம் கறுப்பு. அவர் விழுந்துகிடந்த இடத்துக்கு மேலே ஒன்று மட்டும் மஞ்சள். காகித மடிப்பில் ஒரு விதை ஒட்டியிருந்திருக்கிறது. டாக்டரம்மா அழுதுகொண்டே அந்தத் தொட்டியில் மச்சான் பெயரை எழுதி வைத்தார்.

விதை போட்டது நான், ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.