தலை எண்ணியவள்

"படு! படு!"

தம்பி கத்துகிறான். படுக்கிறோம். மாத்தளன் மணல் வாய்க்குள் போகிறது. முதலில் தூரத்தில் ஒரு 'டுப்'. அது ஆமி செல், எறிகணை, குத்துகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு தலைக்கு மேலே பழந்துணி கிழிகிற மாதிரி ஓர் இழுவை. பிறகு நிலம் வயிற்றில் இடிக்கிறது. காது அடைத்துப் போகிறது.

புகை. அடுத்தது குத்துவதற்குள் எண்ணிவிட வேண்டும். பதுங்குகுழிக்குள், சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒவ்வொரு தலையாகத் தொடுகிறேன். அம்மா. தம்பி. தம்பியின் மனைவி வதனி. அவளின் கைக்குழந்தை. என் கணவர். என் மகன். நான். ஏழு. சரி. ஏழு.

அது இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி மாதம். ஒரு நாளில் எத்தனை தரம் எண்ணினேன் என்று தெரியாது. தம்பி பகிடி பண்ணுவான்.

"அக்கா, பின்னேரம் கோழி அடைக்கிற மாதிரி எண்ணுறாய். குறைஞ்சா என்ன, வாங்கித் தரப்போறியே?"

வதனி அவனை முறைப்பாள். நான் திரும்பவும் எண்ணுவேன்.

ஒரு காலை. எண்ணி முடித்தேன். ஏழு. கஞ்சி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வதனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அம்மா பாத்திரத்தோடு பின்னால் போனார். 'டுப்' கேட்டது. இழுவை கேட்கவில்லை. இழுவை கேட்காவிட்டால் அது கிட்டத்தான் விழும். கஞ்சி வரிசையில் விழுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து எண்ணினேன். நான்கு.

வைகாசி. வட்டுவாகல் பாலம். தண்ணீருக்குள்ளும் பாலத்திலும் சனம். கால் வைக்க இடமில்லை. பாலத்தில் ஏற முன்னர் எண்ணினேன். கணவர், மகன், தம்பி, நான். தம்பியைக் கடைசியாகத் தொட்டேன். கழுத்தில் வியர்வை. அக்கரையில் கம்பி வேலி. ஆமிக்காரரின் ஒலிபெருக்கி. ஒருநாள் என்றாலும் இயக்கத்தில், புலிகளோடு, இருந்தவர்கள் மற்றப் பக்கம் வரட்டாம். விசாரித்துவிட்டு விடுவார்களாம். தம்பி என்னைப் பார்த்தான். மற்றப் பக்கம் போனான். ஒரு பஸ் வந்தது. ஏறினான். பஸ் போனது. இன்றுவரை அவனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

மூன்று.

இப்போது பாரிஸில் இருக்கிறேன். லாச்சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதியில். கணவர் ஒரு சாப்பாட்டுக்கடையில் பிளோஞ். கோப்பை கழுவுகிறார். மகனுக்கு இருபது தாண்டிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். நான் தனியே இருக்கிற வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, குளிக்க வார்த்து, மருந்து கொடுக்கிற வேலை செய்கிறேன். இங்கே செல் விழுவதில்லை. இருந்தாலும் எண்ணுகிறேன். மெத்ரோ சுரங்கத்துக்குள் நின்றால் பெட்டியில் உள்ள ஆட்களை எண்ணுகிறேன். பின்னேரம் வீட்டில் எண்ணுகிறேன். மூன்று பேரை எண்ண எவ்வளவு நேரம் வேண்டும். ஆனாலும் இரண்டு தரம்.

போன வருடம் மதாம் தெனிஸ் வந்தார். எண்பத்தெட்டு வயது. யூதப் பெண். பிறந்தது லாச்சப்பலில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஐந்து வயதில், ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்திருந்த நேரம், தூரத்தில் ஒரு சின்ன ஊரில் வயல் செய்கிற கமக்காரி ஒருத்தியிடம் இவரை ஒளித்து வைத்தார்களாம். சண்டை முடிந்த பிறகு கூட்டிப் போக யாரும் வரவில்லை. அங்கேயே வளர்ந்தார். அங்கேயே கலியாணம் கட்டினார். அந்த ஊரில் யூதர் என்றால் இவரும் கணவரும் மட்டும்தான்.

கணவர் இறந்தார். அடக்கத்தில் அவர்களுக்கு ஒரு மன்றாட்டு இருக்கிறது. பத்து ஆண்கள் நின்றால்தான் அதைச் சொல்லலாம். அங்கே பத்துப் பேருக்கு எங்கே போவது. சும்மா மண்ணைப் போட்டு மூடினார்கள். மதாம் வீட்டை விற்றார். லாச்சப்பலில் ஒரு சின்ன அறை எடுத்தார். வந்து ஏறிய அன்றைக்கே என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"எங்கடை ஆக்கள் இருப்பினம் எண்டுதான் வந்தனான். எங்கை போய்த் தேடுறது? நீங்கள் உங்கடை ஆக்களை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"மெத்ரோவாலை இறங்கி மூக்குக் காட்டின பக்கம் நடந்தன், மதாம்."

சிரித்தார். பல்லுக்கட்டு ஆடியது.

நாங்களும் அப்படியே தேடினோம். அவர்களின் முறைப்படி அறுத்த இறைச்சி விற்கிற கடை ஒன்று பஸ்ஸில் கொஞ்சத் தூரம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் ஒரு சின்ன சினகோக், யூதர்களின் கோயில், இருப்பதாகச் சொன்னார். வெளியில் பெயர்ப்பலகை கிடையாதாம். எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டேன்.

"ஆமி நிக்கிற வாசலைப் பாருங்கோ, மதாம். அதுதான்."

உண்மைதான். இரண்டு பேர். நீளத் துவக்கு. விரல் விசைக்குப் பக்கத்தில். எனக்குக் கால் வரவில்லை. மதாமுக்கும் வரவில்லை. காவலுக்குத்தான் நிற்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தது மூளைக்கு. முழங்காலுக்கு அல்ல. அந்தக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். பிறகு மதாம் என் கையைப் பிடித்தார். உள்ளே போனோம்.

உள்ளே ஒரே சத்தம். எல்லோரும் துனிசியாவில் இருந்து வந்த குடும்பங்கள். எங்கள் ஆட்கள் மாதிரியே நான்கு பேர் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். மதாமின் தாய் தகப்பன் போலந்துக்காரர். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கன்னத்தில் கொஞ்சினார்கள். மிளகாய் போட்ட மீன் தந்தார்கள். மதாமுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கு உறைப்புக் காணாது. மன்றாட்டுப் புத்தகத்தை மதாம் எங்கள் புத்தகம் மாதிரி இடமிருந்து திறந்தார். பக்கத்தில் இருந்த பெண் வலமிருந்து திறக்கும்படி மாற்றிப் பிடித்துவிட்டாள். அந்த இடத்தை நடத்துகிறவர் மெஸ்யூ அல்பேர். கட்டைக் கிழவர், பெரிய தொண்டை.

"எண்பத்தெட்டு வருஷம் பிந்தி வாறீங்கள். பரவாயில்லை. எங்கடை ஆக்களும் நேரத்துக்கு வாறதில்லை."

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் கூட்டிப் போனேன். வீட்டில் கணவர் சும்மா விடவில்லை.

"என்ன, அவையின்ரை வேதத்திலை சேரப்போறீரோ? கோயில் தேருக்குக் கூப்பிட்டாலும் வராத ஆள் நீர்."

மதாமின் கணவருடைய ஆண்டுத் திவசம் வந்தது. அந்த மன்றாட்டை அன்றைக்குச் சொல்வதாக மெஸ்யூ அல்பேர் ஒத்துக்கொண்டார். ஆனால் அது வேலை நாள். வேலை நாளில் ஆட்கள் வருவது குறைவு. மதாமுக்கு இருந்த பயத்தைவிட எனக்குக் கூடுதல். ஒரு கிழமையாக நித்திரை இல்லை. பத்துப் பேர் வராவிட்டால்? ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? மெத்ரோ வேலைநிறுத்தம் வந்தால்?

பின்னேரம். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நானும் மதாமும். ஆண்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். என்னால் இருக்க முடியவில்லை. எழும்பித் திரையை விலக்கினேன். விரலை நீட்டினேன். வாய்விட்டுத் தமிழில் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அந்தப் பாஷை அவர்களுக்குத் தெரியாது. விரல் தெரியும். ஆறு. ஏழு.

"எண்ணாதேங்கோ!"

பிரெஞ்சில்தான் கத்தினார். மெஸ்யூ அல்பேர். முழுத் தொண்டையில்.

நான் நிலத்தில் கிடக்கிறேன். கதிரைக்குக் கீழே. கை பிடரியில். வாய் திறந்திருக்கிறது, காதுச் சவ்வு கிழியாமல் இருக்க. இழுவைச் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். சத்தம் வரவில்லை. மரத்தளம். மெழுகு மணக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. மதாமின் கை என் முதுகில் இருக்கிறது.

மெஸ்யூ அல்பேர் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"மன்னியுங்கோ, மன்னியுங்கோ. எங்கடை பழக்கம் அது. உயிரோடை இருக்கிற ஆக்களை எண்ணக்கூடாது. எண்ணினா அவையளுக்குக் கெடுதல் வரும் எண்டு எங்கடை தாய்மார் சொல்லுறவை."

பிறகு பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று காட்டினார். பத்துச் சொல் உள்ள ஒரு வசனம். ஓர் ஆளுக்கு ஒரு சொல். இலக்கம் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். ஒன்பது சொல் முடிந்தது. பத்தாவது சொல்லுக்கு ஆள் இல்லை. ஒருவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். கொஞ்சம் செல்ல மூலையில் இருந்த மருந்துக்கடைக்காரர், அவரும் யூதர்தான், வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே ஓடி வந்தார்.

"கடையிலை சனம் நிக்குது. கெதியாச் சொல்லுங்கோ."

பத்தாவது சொல்லும் முடிந்தது. மன்றாட்டைச் சொன்னார்கள். மதாம் சத்தமில்லாமல் அழுதார்.

மதாமின் பாரம் இறங்கியது. எனக்கு அன்றைக்குத்தான் ஏறியது.

மெத்ரோவில் அதே நினைவு. நான் எண்ணினேன். ஏழு. போனார்கள். பாலத்தடியில் எண்ணினேன். தம்பியை விரலால் தொட்டே எண்ணினேன். போனான். கெடுதல் செல்லால் வரவில்லையோ. என் விரலால் வந்ததோ. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்வார்கள். படித்தவர்கள் சொல்லி என் நெஞ்சு அடங்கவில்லை. வீட்டில் எண்ணுவதை நிறுத்தினேன். நிறுத்தினால் அதுவும் பயம். மகன் வந்துவிட்டானா என்று நேரே பார்க்கவும் பயம். சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டேன்.

"என்ன, இண்டைக்குக் கணக்கெடுப்பு இல்லையோ?" என்றார் கணவர். பகிடிக்குத்தான் கேட்டார். நான் அழத் தொடங்க அவர் கோப்பையை வைத்துவிட்டார்.

"அரெத், மமோன்," என்றான் மகன். நிறுத்தச் சொல்கிறான். அழுகையையா, எண்ணுவதையா, தெரியவில்லை.

இரண்டு கிழமை அப்படிப் போனது. மதாமின் குசினியில் போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தோம். உப்பைச் சீனி என்று போட்டேன், தேத்தண்ணிக்குள். மதாம் ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். பிரெஞ்சு காணாத இடத்தில் விரலால் சொன்னேன். ஏழு. நான்கு. மூன்று. நான் எண்ணினதாலையோ, மதாம்? எண்ணாமல் விட்டிருந்தால் தம்பி வந்திருப்பானோ?

அவர் போஞ்சியை முறித்தார். டக். இன்னொன்று. டக்.

"என்ரை அம்மா ஒருநாளும் எங்களை எண்ணேல்லை. அஞ்சு பிள்ளையள். சாப்பிடக் கூப்பிடேக்கையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. பக்கத்து வீட்டு மனிசி ஒருநாள் எண்ணினதுக்கு, அவவோடை சண்டைக்குப் போனவ. அவ்வளவு கவனம்."

டக்.

"மிச்சம் நான் ஒராள்."

முறிக்காத போஞ்சியை என் பக்கம் தள்ளினார். முறித்தேன். வெளியில் ஓர் அம்புலன்ஸ் போனது. இரண்டு பேரும் தலையைக் குனிந்தோம். அது தூரப் போனது.

எண்ணாத தாய்க்கும் அதுதான். எண்ணிய எனக்கும் அதுதான். செல் யாரையும் கேட்டு விழவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். எத்தனை பேர் செத்தார்கள் என்று இங்கே ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். கூட்டங்களில் அடிபடுகிறார்கள். எனக்கு ஊரின் கணக்குத் தெரியாது. எங்கள் பதுங்குகுழியின் கணக்குத் தெரியும். என்னால் முடிகிற வரைக்கும் சொல்கிறேன்.

ஒரு வீடு. இரண்டு மாடு. கிணறு. கலியாணப் படம் இருந்த தகரப்பெட்டி. பாதையில் எங்கோ விட்டது.

அம்மா. ஒன்று.

வதனி. இருபத்துநான்கு வயது. இரண்டு.

குழந்தை. பெண். பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியவில்லை. பெயர் வைக்கவில்லை. மூன்று.

தம்பி அந்தப் பஸ்ஸில் ஏறினதைக் கண்டேன். இறங்கினதைக் காணவில்லை. மதாமின் தாய் எண்ணாமல் இருந்தது யாரையும் காப்பாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அப்படியும் அவன் பக்கம் விரல் போகவில்லை.

மூன்று பேர். அதற்கு மேல் எண்ணவில்லை.