பெரியவரை எழுப்பிய அக்காவுக்கு

கம்பிகளின் கணக்கு அறிந்தவரே! கறுத்த திரைக்குக் கலங்காதவரே! காத்திருக்க எங்களைப் பழக்கியவரே! பார்வையற்ற வாசகர் பல நூறு பேருக்குப் புத்தகங்களைக் குரலாக்கி அனுப்பும் இந்தப் பேசும் நூலகத்தில், இருபத்தொன்பது ஆண்டுகள் கணினிகளைப் பேணிக் காத்து, இன்று மாலை சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீடு திரும்பப்போகும் எங்கள் அன்பு அக்கா! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு உங்கள் கையில் தருவோம். ஆனால் இந்தக் கூடத்தில் அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சட்டமும் கண்ணாடியும் விரல் பட்டால்தான் தெரியும். ஆகவே படிக்கும்போதே பதிவும் செய்கிறோம். இங்கே நூல் படிப்பவன் நான் என்பதால் எழுதுவதையும் படிப்பதையும் என்னிடமே விட்டார்கள். இரண்டு முறை வேண்டாம் என்றேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் வந்து சேர்ந்தபோது இங்கே இருந்தவை இரண்டே கணினிகள். இரண்டுக்கும் துணி உறை. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிவந்து தும்முவோம். அந்தப் பயத்தை எங்களிடமிருந்து போக்கியவர் நீங்கள். கொண்டையில் செருகிய சின்ன ஸ்க்ரூ டிரைவரை உருவி, மூடியைக் கழற்றி, "உள்ளே இருக்கிறது பூதமில்லை, பாதி தூசிதான். வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினீர்கள். அந்த வெளிச்சமான முற்பகலை இன்னும் மறக்க முடியவில்லை. முன்வாசல் மேசையில் தொலைபேசி எடுக்கும், கண் தெரியாத எங்கள் தொலைபேசி அண்ணன்கூட வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா செருப்பைக் கழட்டினேன்?" என்றார்.

உங்கள் நீள நோட்டை அறியாதவர் இங்கே இல்லை. அதில் நான்கு கட்டங்கள்: நாள், கோளாறு, கடைசியாகச் செய்தது, சரிசெய்த விதம். எந்தக் கணினி நின்றாலும் முதலில் கேட்பீர்கள், "கடைசியா என்ன பண்ணீங்க?" எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம், "நான் ஒண்ணுமே பண்ணலக்கா."

"ஒண்ணுமே பண்ணாமலா இது இப்படிப் படுத்திருக்கு? திட்ட மாட்டேன், சொல்லுங்க. எங்கே பிடிக்கணும்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது."

அந்தக் குரலுக்கு இளகி எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறோம்! 'டீ கொட்டியது. தலை காயவைக்கும் கருவியால் காயவைத்தேன்.' 'பெயர் பிடிக்காத ஃபைல்களை அழித்தேன்.' இரண்டாவதைச் சொன்னவர் அன்றைய மேலாளர். அந்த நோட்டைப் புரட்டினால் எங்கள் இளமைக்காலம் முழுவதும் அதில் இருக்கிறது. ஒரே ஒரு நாளுக்கு மட்டும் மூன்றாவது கட்டம் காலி.

பதிமூன்று ஆண்டுகளுக்கு முந்தைய திங்கட்கிழமை அது. நாம் பெரியவர் என்று அழைத்த பெரிய கணினி அன்று எழுந்திருக்கவில்லை. திரையில் சின்னம் வந்தது, வட்டம் சுற்றியது, கறுத்தது, மறுபடி சின்னம் வந்தது. முப்பத்தொரு நூல்களின் பதிவுகள் அதற்குள் இருந்தன. அவற்றில் ஒன்று, ஒன்பது நாளில் தேர்வு எழுதவிருந்த சட்ட மாணவிக்காக நான் படித்துக்கொண்டிருந்த பாடநூல். வேறு எங்கும் அதற்குப் பிரதி கிடையாது. பிரதி எடுத்துவைக்க இன்னொரு ஹார்ட் டிஸ்க் கேட்டு நீங்கள் எழுதிய விண்ணப்பம் ஐந்து மாதமாக மேசை மேசையாக உலாவிக்கொண்டிருந்தது.

எல்லாரும் பெரியவரைச் சுற்றி நின்று பதறினோம். தொலைபேசி அண்ணன் மட்டும், "திரை கறுப்பா இருக்குன்னா இப்படி அலறுறீங்க? எனக்குப் பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கு" என்றார். வெளியிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர் தன் பையைத் திறந்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம் மேடம். அரை மணி நேர வேலை."

"பொறுங்க," என்றீர்கள். "இனி யாரும் இதை ஆன் பண்ணாதீங்க. தொடவே தொடாதீங்க."

அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, பெரியவரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்கள் கணினியில் இணைத்தீர்கள். முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது, எழுப்புவது அப்புறம் என்றீர்கள். ஒன்றரை நாள், ஒவ்வொரு நூலாக வெளியே வந்தது. நீங்கள் ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்தீர்கள். பக்கத்தில் நின்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஓர் அறையில் அத்தனை நம்பிக்கை இருக்கும் என்று அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

மாணவி தினமும் காலையில் தொலைபேசியில் கேட்பார், "பெரியவர் எந்திரிச்சாரா?"

"இன்னும் தூங்குறார்மா. ஆனா உன் புத்தகத்தை அவர் தலையணைக்கு அடியிலிருந்து உருவிக்கிட்டு இருக்காங்க," என்பார் அண்ணன்.

பிறகு ஒரு பென் டிரைவிலிருந்து பெரியவரை வேறு வழியாகத் தொடங்கவைத்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் ஒவ்வொரு வரியாகக் கட்டளை இட்டீர்கள். இரண்டு முறை மறுபடியும் கறுத்தது. பாதியில் அறுந்துபோன ஒரு மென்பொருள் புதுப்பிப்புதான் காரணம் என்று கண்டு, அதை முழுவதுமாகப் பின்னுக்கு எடுத்தீர்கள். மூன்றாம் நாள் முற்பகல், தொடக்க இசை ஒலித்தது. நாங்கள் திரையை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கையில், முன்வாசல் மேசையிலிருந்து அண்ணன் கத்தினார், "எந்திரிச்சுட்டார்!"

அக்கா, அந்தப் புதுப்பிப்பை அறுத்தவன் நான்.

அப்போது பெரியவர் பதிவு அறையின் மூலையில் இருந்தார். முந்தைய சனிக்கிழமை பிற்பகல், கையடக்கக் கருவியில் நான் பாடநூலைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பெரியவருக்குள் விசிறி இரைந்தது. ஒரு நல்ல வாக்கியத்துக்குப் பின் விடவேண்டிய அமைதிக்குள் எல்லாம் அந்த இரைச்சல் வந்து உட்கார்ந்தது. 'புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் இருந்தது. படிப்பதுதான் என் தொழில். அந்த ஒரு வரியை மட்டும் படிக்காதவன்போல் இருந்துவிட்டேன். பத்து நிமிடம் பொறுத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். அதன்பின் நாற்பது பக்கம் படித்தேன்; போகும்போது பிளக்கை மறுபடி செருகிவைத்தேன். என் வாழ்நாளிலேயே நன்றாகப் படித்த நாற்பது பக்கம் அது.

திங்கட்கிழமை நீங்கள் கேட்டபோது, "நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றேன்.

விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து உங்களுக்குக் குறிப்பாணை வந்தது. 'பராமரிப்பில் என் கவனக்குறைவு' என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அந்த ஆண்டு முழுவதும் தினமும் உங்கள் அறையைத் தாண்டித்தான் நான் பதிவு அறைக்குப் போனேன்.

உங்களுக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வாரம் நீங்களே சுவரில் துளையிட்டு, கம்பியை நீட்டி, பெரியவரைப் பக்கத்து அறைக்கு மாற்றினீர்கள். கை தூசியைத் தட்டியபடி, "இனிமே சத்தம் வராது. நிம்மதியா படிங்க தம்பி" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாணவிக்கு அனுப்புமுன் எல்லாப் பதிவையும் நீங்கள் கேட்டுச் சரிபார்ப்பது வழக்கமாயிற்றே! நூலின் ஒரு பக்கம் வரை இரைச்சல், அதற்கு அடுத்த வரியிலிருந்து அமைதி. நான் பிளக்கைப் பிடுங்கிய நொடியே அந்தப் பதிவில் இருந்தது.

இந்த மடலை இதுவரை எழுதி, நேற்று பணியாளர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். இதை எடுத்துவிடச் சொல்வார்களோ என்று பயம். தொலைபேசி அண்ணன்தான் முதலில் வாய்திறந்தார். "பிளக்கைப் பிடுங்குற சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்காதுன்னு நினைச்சீங்களா? நீங்களே சொல்லணும்னுதான் அக்கா அப்பவே என் வாயைக் கட்டிட்டாங்க. பதிமூணு வருஷம், யப்பா! படிங்க, ஒரு வரி குறைக்காம படிங்க." அன்றைய சட்ட மாணவி இன்றைய வழக்கறிஞர். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அவருக்கும் இது இப்போதுதான் தெரியும். அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்கா, பழுதைச் சரிசெய்வதற்கு உங்களுடையதைப் போன்ற அறிவு போதும் என்று நினைத்திருந்தோம். பழுது செய்தவனை அவமானப்படுத்தாமல், அவன் மறுபடி அதே தவறுக்குப் போகவேண்டிய தேவையையே அகற்றிவிட்ட உங்கள் மனதுக்கு என்ன பெயர் வைப்பதென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு துளை, ஒரு கம்பி, ஒரு வார்த்தை. அந்த அறையில் அதன்பின் நான் படித்த நூல்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் அமைதி அத்தனையும் நீங்கள் செய்தது.

நாளைக் காலையிலிருந்து அவசரம் இல்லாத காலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும். கண் ஒளியும் கை உறுதியும் குறையாமல், பேரப்பிள்ளைகளின் கேள்விகளுக்கு உங்கள் பொறுமை பங்கிடப்பட்டு, நீங்கள் நீண்ட நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும். எங்கே எது எழுந்திருக்காமல் போனாலும் "பொறுங்க" என்ற உங்கள் குரல் எங்கள் காதில் முதலில் ஒலிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நீள நோட்டு இனி உங்களுக்கு அடுத்து வருபவர் கைக்குப் போகிறது. பதிமூன்று ஆண்டுகளாகக் காலியாக விட்டுவைத்திருந்தீர்களே, அந்தக் கட்டத்தை இன்று காலை நிரப்பிவிட்டேன்: 'கடைசியாகச் செய்தது: பிளக்கைப் பிடுங்கினேன். அமைதி வேண்டியிருந்தது.'

என்றும் மாறா அன்புடனும் நன்றியுடனும்,
பேசும் நூலகத்துப் பணியாளர்கள் அனைவரும்,
அவர்களுள் ஒருவனாக, பிளக்கைப் பிடுங்கியவன்