பதினோரு நாள் தாமதம்

— திட்டு. வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டிடேன்.

— உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? காபி ஆறுது, குடிங்க.

— என் கட்டுரையைக் காட்டித்தான் உன் தம்பியோட அப்பீலைத் தள்ளியிருக்காங்க. நீ எனக்குக் காபி போட்டுத் தர்றே!

— இருபது வருஷமா போட்ட கை. நிக்க மாட்டேங்குது.

— ஜட்ஜ் எந்த வரியை வாசிச்சார்?

— "கெடு தாண்டி வரும் மேல்முறையீட்டுக்கு இரங்கினால் சட்டமே தளர்ந்துவிடும்." கல்யாணமான புதுசுல நான் டைப் அடிச்ச வரிதானே? அவர் பாதி வாசிக்கும்போதே மீதி என் வாயில வந்துடுச்சு.

— மச்சான் என்ன சொன்னான்?

— போலீஸ் கூட்டிட்டுப் போறப்ப, "மாமா மேல கோபப்படாதேக்கா"ன்னான்.

— ஐயோ! பதினோரு நாள் தாமதம். அதுவும் ஜெயில் ஆபீஸ்ல அவன் காகிதம் தூங்கின பதினோரு நாள். அதுக்கு, செய்யாத குத்தத்துக்கு இன்னும் ஒன்பது வருஷமா?

— இதுக்கு மேல கோர்ட் இல்லைன்னுட்டார் வக்கீல்.

— எனக்கும் போன் பண்ணினார். "தப்பா எழுதிட்டேன்னு நீங்களே ஒரு வரி அச்சுல போட்டிருந்தா, அதை வெச்சே வாதாடியிருப்பேன் சார்"னார். வருஷா வருஷம் வகுப்புல அந்தக் கட்டுரையைக் கிழிச்சுத் தொங்கவிடறேனே, பிள்ளைங்களைக் கேளுங்கன்னேன். "பிள்ளைங்க சிரிச்சதை நான் ஜட்ஜுக்கு எப்படி சார் காட்டறது?"ன்னு கேட்டார்.

— விடுங்க. போன் அடிக்குது, எடுக்காதீங்க. காலையிலேருந்து இந்தத் தீர்ப்பைப் பத்திப் பேசக் கூப்பிடற டிவிக்காரங்கதான்.

— எடுக்கத்தான் போறேன். ஏழு மணி விவாதத்துக்கு வர்றேன்னு சொல்லப்போறேன்.

— இந்த நிலைமையிலயா? எதுக்கு?

— உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. நான் எழுதினேன்மா. ஆறு வருஷம் முன்னாடி, பன்னிரண்டு பக்கம். "என் கட்டுரை தவறு"ன்னே தலைப்பு. என் பதவி உயர்வு பரிசீலனையில இருந்த நேரம். நீ பயப்படுவேன்னு சொல்லலை.

— யாருக்கு அனுப்பினீங்க?

— வேற யாருக்கு? நம்ம காலேஜ் சட்ட இதழுக்குத்தான். அங்க ஆபீஸ்ல வேலை பார்த்து, வர்ற கவரையெல்லாம் பிரிக்கறது நீயாச்சே, அதனால "இதழாசிரியர் மட்டும் பிரிக்கவும்"னு மேலயே எழுதிப் பெட்டியில போட்டேன். அந்த ஆசிரியர் மனுஷன் அச்சுல போடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

— நீங்க கேக்கலையா?

— எப்படிக் கேக்கறது? பேராசிரியன் எழுதினது குப்பைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா? வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு அந்த வெக்கமும் போச்சு. ஊர் பார்க்க டிவியில உக்காந்து அவர் பேரைச் சொல்லிக் கேப்பேன், ஏன்யா புதைச்சேன்னு.

— வேணாங்க. வயசான மனுஷன், பாவம்.

— பாவமா? உள்ள கிடக்கறது உன் கூடப் பொறந்தவன்! அவனுக்காக அழக்கூட மாட்டேங்கறே, என்னையும் திட்ட மாட்டேங்கறே, கண்டவனுக்குப் பாவம் பார்க்கறே. என்னடி ஆச்சு உனக்கு?

— அந்தக் கவர் அவர் கைக்குப் போகவே இல்லைங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? பிரிச்சுத் தலைப்பைப் பார்த்தேன். பதவி உயர்வு வரட்டும், அப்புறம் கொடுத்துக்கலாம்னு என் டிராயர்ல வெச்சுப் பூட்டினேன். வந்த பிறகு, இனி எதுக்குன்னு விட்டுட்டேன். டிவியில யார் பேரையாவது சொல்லணும்னா, என் பேரைச் சொல்லுங்க.