பிளைவுட் சுவருக்கு இந்தப் பக்கம்

— உக்காருங்க மேடம். நீங்க வருவீங்கன்னு தெரியும். ரெண்டு மாசமா எதிர்பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

— என்னையா?

— உங்களைன்னா, உங்க குடியேற்ற ஆபீஸ்லேருந்து யாரையாவது. காப்பி போடட்டுமா?

— வேண்டாம், தோன் எவேலியோ. வேலையா வந்திருக்கேன். பக்கத்து வீட்டு யோர்லேனியும் பாயார்தோவும்...

— பக்கத்து வீடுன்னு சொல்லாதீங்க. ஒரே வீடுதான் இது. பதினொரு வருஷம் யோர்லேனியும் நானும் புருஷன் பொண்டாட்டியா இருந்த வீடு. பிரிஞ்சப்ப விக்க மனசு வரல. நடுவுல பிளைவுட் அடிச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம். சமையல்கட்டு அவ பக்கம் போச்சு. மாமரம் என் பக்கம் வந்தது.

— அந்தச் சுவர் வழியா சத்தம் கேக்குமா?

— கேக்குமாவா? அந்தப் பக்கம் முட்டை உடைச்சா எத்தனை முட்டைன்னு சொல்லுவேன்.

— நல்லதாப் போச்சு. யோர்லேனி தன் புருஷனுக்கு நிரந்தரக் குடியிருப்பு கேட்டு மனு போட்டிருக்காங்க. அது தெரியும் உங்களுக்கு. ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சு ஒரே கேள்விங்களைக் கேட்டோம். மூணு கேள்விக்குப் பதில் இடிக்குது. காகிதத்துக்காகப் பண்ணின கல்யாணமோன்னு மேலிடத்துக்குச் சந்தேகம். இன்னைக்கு நான் எழுதற அறிக்கையை வெச்சுதான் முடிவு.

— முடியாதுன்னுட்டா?

— முப்பது நாள்ல அவர் நிகராகுவாவுக்குத் திரும்பிப் போகணும்.

— ம். கேளுங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன். அந்த ரெண்டு பேரைப் பத்தி எங்கிட்டேருந்து நல்ல வார்த்தை ஒண்ணும் வராது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். தலைநகர் ரூட்டு. இப்பவாவது காலைல ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்னு பாத்தா, விட்டாத்தானே?

— முதல் கேள்வி. காலைல என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டோம். பயறுச் சோறு, பிந்தோதான்னு ரெண்டு பேருமே சொன்னாங்க.

— பிந்தோ இல்லாம இந்த நாட்டுல எவன் வீட்டுல விடியுது? அதுல என்ன இடிக்குது?

— சோத்துல எந்தப் பயறைப் போட்டு வதக்கறீங்கன்னு கேட்டோம். எங்க வீட்டுல கருப்புப் பயறுதான்னு பாயார்தோ சொல்றார். யோர்லேனி சிவப்புன்னு சொல்றாங்க.

— அட கடவுளே. எழுதிக்கோங்க மேடம். ரெண்டும் நெசம். அடுப்புல ரெண்டு சட்டி. நம்ம ஊர் வழக்கத்துக்குக் கருப்பு, அவன் ஊர் வழக்கத்துக்குச் சிவப்பு. முதல் வருஷம் அவங்கவங்க சட்டிலேருந்து அவங்கவங்க எடுத்துக்கிட்டாங்க, அது ஒரு சண்டை. பயறைக் கண்டுபிடிச்சதே எங்க நாடுன்னு அவன் சொல்லுவான், இவ கரண்டியால மேசையைத் தட்டுவா. அப்புறம் ஒரு நாள் அவனுக்கு என்ன தோணிச்சோ, அவளுக்காகக் கருப்பை எடுத்துப் போட்டுக்கிட்டான். இவ விடுவாளா? சிவப்பை எடுத்துப் போட்டுக்கிட்டா. இப்ப அவ அவனோடதைத் திங்கறா, அவன் அவளோடதைத் திங்கறான். ரெண்டு பேருக்கும் பிடிக்கல. ‘எனக்காக நீ ஒண்ணும் கஷ்டப்பட்டுத் திங்க வேண்டாம்’னு அஞ்சே காலுக்கே ஆரம்பிச்சிடும்.

— ஒரு நிமிஷம். எழுதிக்கறேன். ரெண்டாவது, தூக்கத்துல குறட்டை விடறது யாருன்னு...

— அவனைக் கேட்டா அவளைச் சொல்லியிருப்பான். அவளைக் கேட்டா அவனை.

— அப்படித்தான் சொன்னாங்க.

— ரெண்டு பேரும்தான். அவ ஆரம்பிப்பா, அவன் முடிப்பான். எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆன புதுசுலேருந்தே அவ விடுவா, நான்தான் நாகரிகமா வெளில சொல்லல.

— மூணாவதுதான் பெரிசு. போன வருஷம் ஆகஸ்ட்ல ஒன்பது நாள். அவர் வீட்டை விட்டுப் போயிட்டார்னு யோர்லேனி ஒத்துக்கறாங்க. பாயார்தோ, ஒரு நாள் கூட நான் வீட்டை விட்டுப் போகலன்னு சாதிக்கறார். இதுல ஒருத்தர் பொய் சொல்றாங்க.

— பொய் சொல்லல. அவன் இங்கதான் இருந்தான்.

— இங்கன்னா?

— நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே வராந்தாவுல. அவ அம்மா முன்னாடி கருப்புப் பயறைச் சாக்கடைத் தண்ணின்னு சொல்லிட்டான். அவ பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சா. எங்க போவான்? இங்க யாரைத் தெரியும் அவனுக்கு? ஊர்லேருந்து கொண்டு வந்த வலை ஊஞ்சலை அந்த ரெண்டு கொக்கில மாட்டினான். ‘பெரியவரே, ஒரு ராத்திரி’ன்னான். ஒன்பது ஆச்சு.

— உங்க முன்னாள் மனைவியோட இப்போதைய புருஷன், உங்க வராந்தாவுல?

— நான் ஒண்ணும் இளகிப் போய் இடம் குடுக்கல. மொதல்ல ரெண்டு நாள் எனக்குக் கொண்டாட்டமா இருந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து அவளைக் குறை சொன்னோம். எத்தனை விஷயத்துல ஒத்துப் போச்சு தெரியுமா? மூணாம் நாள் பாக்கறேன், அவன் பேச்சை நிறுத்திட்டான். பிளைவுட்ல முதுகைச் சாச்சு உக்காந்திருக்கான். என்னடான்னா, ‘அவ இருமறா பெரியவரே, இஞ்சி போட்டுக் குடிச்சாளா தெரியல’ங்கறான். நீங்க வீட்டை விட்டுப் போனீங்களான்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? அவனைப் பொறுத்தவரைக்கும் அவன் போகவே இல்ல.

— புரியுது.

— உங்களுக்குப் புரியாது. அவன் கொத்தனார். கை நிறைய வேலை. இந்தப் பலகையை எடுத்துட்டுக் கெட்டியா செங்கல் சுவர் கட்டித் தரேன், கூலி வேண்டாம், நீங்க நிம்மதியாத் தூங்கலாம்னு நாலு தடவை கேட்டுட்டான். வேண்டாம்னுட்டேன்.

— ஏன்?

— காத்து வராது.

— சுவர் வழியா ஏது காத்து, தோன் எவேலியோ?

— அந்த மாமரத்தைப் பாத்தீங்களா மேடம்?

— சரி, அது என் கேள்வித்தாள்ல இல்ல. இது போதும். நான் கிளம்பறேன்.

— உக்காருங்க மேடம். அந்தக் கடிதத்தைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே.

— எந்தக் கடிதம்?

— செப்டம்பர்ல வந்திருக்கும். ‘பாயார்தோ காகிதத்துக்காகத்தான் அவளைக் கட்டிக்கிட்டான், விசாரிங்க’ன்னு. பேர் போடல. நான்தான் எழுதினேன்.

— நீங்களா? இவ்வளவு நேரம் இப்படிப் பேசின நீங்களா?

— அவன் வந்து சந்தோஷமாச் சொன்னான் மேடம். குடியிருப்பு கார்டு கைக்கு வந்தா பேங்குல கடன் குடுப்பாங்களாம். மேட்டுத் தெருவுல மனை பாத்திருக்கானாம், சொந்தமா வீடு கட்டப் போறானாம். சந்தோஷம்டான்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லாம இந்த வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சேன். கார்டு வராட்டி எங்கயும் போக மாட்டாங்கன்னு எழுதிட்டேன். எங்க பதினொரு வருஷமும் இந்த வீடு சத்தமே இல்லாமதான் இருந்துச்சு. நாங்க சண்டையே போட்டதில்ல. ஒரு நாள் போட்டதில்ல. அவ தட்டை வெப்பா, நான் சாப்பிடுவேன், ரேடியோ பாடும். ஊரே எங்களை மெச்சும். பொய்யான கல்யாணம் எப்படி இருக்கும்னு உங்க ஆபீஸுக்குத் தெரியணும்னா என்னைக் கேளுங்க.

— எழுதினதை ஏன் இப்ப சொல்றீங்க? நான் கேக்கவே இல்ல. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு, தெரியுமில்ல?

— தெரியும். போன மாசம் உங்க விசாரணைக்கு அவங்க ஒத்திகை பாத்தாங்க. அவன் பல் தேய்க்கிற பிரஷ் என்ன நிறம்னு அவ கேக்கறா, அவன் தெரியலங்கறான். எனக்குத் தெரியும், பச்சை, ஒன்பது நாள் இந்த வராந்தாவுலதானே பல் தேய்ச்சான். கொடியில காயற என் துண்டைக் கூட அவனோடதுன்னு மாத்தி எடுப்பான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தவ திடீர்னு அழுதா. உன்னை அனுப்பிட்டா நானும் வரேன், உன் ஊர் சினன்தேகாவுல வெயில் எப்படி அடிக்கும்னு சொல்லுங்கறா. அறுபது மைல் தாண்டிப் போகாதவ மேடம், அவ. மழை இல்லாத ஊர்னா அவளுக்கு ஆகாது. அவ அழுது நான் கேட்டதே இல்ல. எனக்காகவும் அழுததில்ல, நானும் அவளுக்காக அழுததில்ல. அன்னைக்குப் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்து அழுதேன். எழுதிக்கோங்க. அது நெசமான கல்யாணம். நான் எழுதினதுதான் பொய். பேரை முழுசாப் போட்டு எழுதிக்கோங்க: எவேலியோ சமோரா கீரோஸ். அபராதமோ ஜெயிலோ, வரேன்.

— தோன் எவேலியோ, பேர் இல்லாத கடிதத்தை நாங்க கோப்புல சேக்கறதே இல்ல. படிக்காமக் கிழிச்சிடுவோம். அப்படி ஒண்ணு வந்ததே எனக்குத் தெரியாது.

— அப்ப... அப்ப நீங்க எதுக்கு என்னைத் தேடி வந்தீங்க?

— பதில் இடிச்சா ஒரு சாட்சியை விசாரிக்கணும். யாரை விசாரிக்கலாம்னு மனுதாரர்ங்களே முன்கூட்டி எழுதிக் குடுப்பாங்க. இவங்க குடுத்தது ஒரே ஒரு பேர்.

— என் பேரா?

— அந்தப் பேருக்குக் கீழ யோர்லேனி ஒரு குறிப்பும் எழுதியிருக்காங்க. ‘எங்களைப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா கேட்டா உள்ளதைச் சொல்லுவார்.’

— அவ கையெழுத்துதானா அது?

— அவங்களோடதுதான். அறிக்கையை எழுதிட்டேன். கேளுங்க: ‘கல்யாணம் உண்மையானது. நிரந்தரக் குடியிருப்பு வழங்கப் பரிந்துரைக்கிறேன்.’ கிறிஸ்துமஸுக்குள்ள கார்டு கைக்கு வந்துடும். அவங்க நிரப்பிக் குடுத்த சாட்சித் தாள்ல நீங்க கையெழுத்து போடணும். இங்க.

— முழுப் பேரா?

— முழுப் பேர்.

— போட்டாச்சு. கோணலா இருக்கு, பரவாயில்லையா?

— பரவாயில்ல.

— மேடம், என் பேருக்குப் பக்கத்துல ஏதோ கட்டம் இருக்கே. கண்ணாடி உள்ள இருக்கு. அதுல என்ன எழுதியிருக்கு?

— ‘மனுதாரருக்கு என்ன உறவு’ன்னு கேட்டிருக்கு. பாயார்தோ அவர் கையாலயே நிரப்பியிருக்கார்.

— முன்னாள் புருஷன்னா?

— இல்ல. ‘எங்க அண்ணன்’னு.