ஏழாம் மடையின் முதல் பதிப்பு

புத்தக அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, ஐயா. நான்கு விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கரையான் ஏறும், மழைக்காலத்தில் ஓதமும் இறங்கும். உங்கள் ஸ்டேஷன் பீரோ ஒட்டியே நிற்கிறது. பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

என் பெயர் சண்முகையா. சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் பதினெட்டு வருடமாகக் கம்பவுண்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டுக்குப் போக மிச்சமெல்லாம் நாவல்களுக்குப் போயிற்று. எல்லாப் புத்தகமும் அல்ல. முதல் பதிப்பு மட்டும், அதுவும் மேலட்டை கிழியாமல். மதுரைப் பழைய புத்தகக் கடைக்காரர்கள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே விலையை ஏற்றிவிடுவார்கள். பைத்தியம் முற்றினால் இப்படித்தான் என்பாள் என் தங்கை. நான் மறுத்ததில்லை.

'ஏழாம் மடை' 1938இல் வந்த நாவல். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி வீட்டைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு ரயிலேறிப் போய்விடுவாள். ஊர் ஏசியதும் ஆசிரியர் பயந்துபோய் இரண்டாம் பதிப்பில் அவளைத் திரும்பி வரச் செய்துவிட்டார். இன்று எல்லோரும் படிப்பது திரும்பி வந்தவளைத்தான். போனவளைப் பதினொரு வருடம் தேடினேன். கடைசியில் அவள் எங்கள் தெருவிலேயே இருந்தாள், நான்கு வீடு தள்ளி. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மருதப்பன் அண்ணாச்சியின் அலமாரியில்.

எவ்வளவு கேட்டும் அவர் தரவில்லை. போன சித்திரையில், எல்லாப் புத்தகங்களையும் நூலகத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை ஆள் வருகிறார் என்றார்.

நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. மேலட்டையை உரித்துப் போடுவார்கள். மூன்று ஓரத்தையும் வெட்டி, காலிகோத் துணியில் பைண்டிங் செய்வார்கள். தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, உள்ளே இன்னொன்று. அவர்கள் வேலை அது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. நாற்பத்துமூன்று வயதில் அண்ணாச்சியின் காலில் விழுந்து அழுதேன்.

"எந்திரியும்வே. புஸ்தகம்னா நாலு பேரு படிக்கணும். பூட்டி வச்சு என்னத்தக் கண்டோம்?" என்றார்.

மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மருந்து கலக்கும்போது ஒரு குப்பியைக் கீழே போட்டு உடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அவர் மனைவி பேச்சியம்மாள் ஓடி வந்தார். "தம்பி, அவுக வெறகு எடுக்கப் போனாக, என்னமோ கடிச்சிட்டு. வெரசா வாங்க."

கணுக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது. பாம்பை இருவருமே பார்க்கவில்லை. நான் புறவாசலுக்குப் போய் விறகைக் கம்பால் தள்ளிப் பார்த்தேன். திரும்பி வந்து, "சாரைதான் அண்ணாச்சி. விஷம் கெடையாது" என்றேன்.

கார் பிடித்துத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்று அந்த அம்மாள் கேட்டார். "சாரைக்கு எதுக்கு மதினி காரு? கோயில்ல புத்துமண் வாங்கிட்டு வாங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றேன். எங்கள் ஊரில் பூச்சிக்கடி என்றால் புற்றுமண் பூசாத வீடு கிடையாது. மண்ணையும் பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். அன்று கம்பவுண்டரே மண் போதும் என்றதால் அந்த அம்மாள் மண்ணோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளியில் பாம்பு செய்து உண்டியலில் போடுவதாகவும் நேர்ந்துகொண்டார்.

நாள் முழுதும் நான் பக்கத்திலேயே இருந்தேன். மத்தியானம் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. பயத்தில் நீர் கோத்திருக்கிறது என்று சொன்னேன். சாயங்காலம் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. பஞ்சால் துடைத்துவிட்டேன். சொந்தத் தம்பி இருந்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அலமாரியத் தெறந்து பாரும்வே. சாவி தலமாட்டுல இருக்கு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

நான் திறக்கவில்லை. உயிரோடு இருப்பவரின் அலமாரியில் கை வைப்பது திருட்டு. நான் திருடன் இல்லை, ஐயா.

மறுநாள் விடிந்ததும் நானே கார் பிடித்து ஏற்றினேன். தேவர்குளம் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. நூலகத்து ஆள் சாவு வீட்டைப் பார்த்துவிட்டு, வாசலோடு திரும்பிப் போனாராம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடலைப் பார்த்த டாக்டர் விரியன் கடி என்று உங்களுக்குத் தெரிவித்துவிட்டார். அவர் சொன்னது சரி. விறகுக்கு அடியில் சுருண்டு கிடந்து சீறியது கண்ணாடி விரியன். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாரை என்றேன். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்ததும் பேச்சியம்மாள் அலமாரியைத் திறந்து, அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"வெறகெடுக்கப் போறதுக்கு முன்னாடிதான் உங்க பேரு எழுதி வச்சாக, தம்பி. 'அந்த மனுசன் சாப்பிடாமக் கெடக்காரு, இது ஒண்ணு அவருக்கே இருக்கட்டும்'னாக. அதக் குடுக்கணும்னுதான் அன்னைக்கெல்லாம் அனத்திக்கிட்டுக் கெடந்தாக."

மேலட்டையில் ஒரு கிழிசல் இல்லை. பிரித்தேன். தலைப்புப் பக்கத்தின் நடுவில், பெரிய எழுத்தில், 'என் தம்பி சண்முகையாவுக்கு, மருதப்பன்' என்று தேதியோடு எழுதியிருந்தார். அந்த அம்மாள் அழுதார். நானும் அழுதேன். அண்ணாச்சிக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அத்தனை வருடம் ஒரு கீறல் படாமல் வைத்திருந்த மனிதர், ஐயா. பேனாவால் எழுதியிருக்கிறார். பென்சிலால் எழுதியிருக்கலாம்.