எட்டு வருடத்துக்கான திட்டம்

இந்தப் பிளேன்டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஐயா. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். என் மனைவி றோஸுக்கு ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிய வந்ததே சீனியால்தான். ஒருநாள் காலை என் கோப்பையில் நாலு தடவை சீனி போட்டுவிட்டு, "சீனி போட்டேனாங்க?" என்று கேட்டாள். கோப்பையைச் சுவரில் எறிந்தேன். நோய் என்று தெரிந்திருந்தால் எறிந்திருக்க மாட்டேன்.

ஹந்தானையில் முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். நூறு பேரை மலையில் நிரை பிரித்துவிட்டு வேலை வாங்கியிருக்கிறேன். எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வேன். ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

டொக்டர் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அல்ஸைமர் என்றார். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேன்.

"எட்டு வருசம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கூடலாம், குறையலாம், பாக்கிற விதத்திலதான் கிடக்கு. பழகின பழக்கங்களை மட்டும் மாத்தாதேங்கோ. அவவை உங்களோட பிடிச்சு வைச்சிருக்கப் போறது அதுதான்."

அன்றைக்கே மகள் ஷெரோன் ஒரு கொப்பியில் எழுத உட்கார்ந்தாள். அவள் குருநாகலில் ரீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அம்மாவை யார் குளிப்பாட்டுவது, விழுங்க முடியாமல் போனால் குழாய் வைப்பதா, கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்தில் எப்போது சேர்ப்பது என்றெல்லாம் எழுதினாள். கடைசிக் கேள்வியில் எனக்கும் அவளுக்கும் பெரிய இழுபறி. முடிவில் அவளே சொன்னாள்.

"அம்மாவுக்கு உங்களைத் தெரியிற வரைக்கும் இங்க இருக்கட்டும் அப்பா. தெரியாமப் போச்சுன்னா நான் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது வருடமே எல்லாம் போக ஆரம்பித்தது. ஷெரோனை "மிஸ்" என்று கூப்பிட்டாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "இந்த வீட்டு ஐயா எப்ப வருவாரு?" என்றாள். என்னிடமே கேட்டாள். நாற்பத்தாறு வருடம் சோறு போட்டவன் யாரென்று தெரியவில்லை, ஐயா.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். மாலையில் செபமாலை சொல்லி முடிந்ததும் நான் பெருவிரலால் எல்லோர் நெற்றியிலும் சிலுவை போடுவேன். அன்றைக்கும் கையைத் தூக்கினேன். றோஸ் சட்டென்று இடது கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேங்க, ஷெரோன் அப்பா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெரோன் அப்பா என்றாளே. டொக்டர் சொன்னது எவ்வளவு சரி.

நான் கை நீட்டுவது எங்கள் வீட்டில் புதிதில்லை. கறியில் உப்புக் கூடினால், பூசை முடிந்து வரப் பிந்தினால் அடிப்பேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவை பல், ஒரு தடவை விலா எலும்பு. பழகின பழக்கம் என்று பார்த்தால் அதைவிடப் பழையது எங்களிடம் வேறு எது இருக்கிறது?

அதனால் அதையும் திட்டத்தில் சேர்த்தேன். காலையில் தேநீர் குடித்த பிறகு. முதலில் கையைத் தூக்கினாலே போதுமாக இருந்தது. பிறகு கன்னத்தில் பட வேண்டியிருந்தது. பிறகு கொய்யாக் கம்பு தேவைப்பட்டது. மருந்தையும் டொக்டர் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார். குளிப்பாட்ட வந்த பிரேமிளா, "என்னங்க ஐயா, முதுகெல்லாம் கன்றிப்போய்க் கெடக்கு?" என்று கேட்டாள். விழுந்துவிட்டாள் என்றேன். றோஸின் மணிக்கட்டு முறிந்த கிழமையோடு பிரேமிளாவை நிறுத்திவிட்டு நானே குளிப்பாட்டினேன். வெந்நீரில், பக்குவமாக.

ஷெரோன் வந்தால் சிலுவை போடக் கையைத் தூக்குவேன். றோஸ் முகத்தை மறைத்துக்கொண்டு அதையே சொல்வாள். "தெரியுதுதானே?" என்று மகளைக் கேட்பேன். ஷெரோன் தலையைக் குனிந்துகொள்வாள். அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

முந்தின ஞாயிறு றோஸ் கையைத் தூக்கினாள், வாயில் பேச்சு வரவில்லை. ஷெரோன் கொப்பியை மூடினாள். "அடுத்த ஞாயிறு வேனோட வாறேன்பா" என்றாள்.

அதுதான் நேற்று. வேன் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தாள். ஒன்பது மணிக்கு றோஸைக் கதிரையில் உட்கார வைத்துத் தலைசீவி விட்டு, கம்பைத் தூக்கினேன். அவள் மறைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினாள். சிலுவைக்காகக் காத்திருந்தாள்.

அடித்ததெல்லாம் மறந்துபோய் சிலுவை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் சிலுவையை யாரும் போடலாம், ஐயா. பங்குச் சுவாமியும்தான் போடுகிறார். அதை வைத்து என்னைத் தெரிகிறது என்று சொல்ல முடியுமா?

முதல் அடி தோளில். சிரிப்பு போகவில்லை. இரண்டாவது காதோரம். கதிரையோடு சாய்ந்தாள், தூக்கி உட்கார வைத்தேன். "நான் யாரு, சொல்லு" என்று கேட்டுக் கேட்டுத்தான் அடித்தேன். கம்பு முறிந்ததும் அலுமாரிக்குப் பின்னால் இருந்த தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். பிடியால்தான் அடித்தேன், அலகால் இல்லை. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மூக்கு உடைந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. சுவரில் அந்தச் சீனிக் கறைக்குப் பக்கத்தில் ரத்தம் தெறித்தது. நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியில் தரையில் கிடந்தபடி இடது கையை மெல்ல மடக்கி முகத்துக்கு மேல் கொண்டு வந்தாள். அப்போது வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஷெரோன் வாசலில் நின்று பார்த்தாள். பிறகுதான் அந்தக் கை கீழே விழுந்தது.

எட்டு வருடம் என்றார் டொக்டர். மூன்று வருடம்கூட ஆகவில்லை, அந்தக் கவலை எனக்கு உண்டு. ஆனால் கொப்பியில் கையெழுத்துப் போட்டதை நான் மீறவில்லை, ஐயா. கடைசி மூச்சு வரைக்கும் அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. வேண்டுமானால் ஷெரோனைக் கேட்டுப் பாருங்கள்.