ஐந்து நிமிடப் பசை

இந்த மேசையின் ஓரத்தில் மேல்தாள் தூக்கிக்கொண்டு நிற்கிறதே ஐயா, இதை ஒட்டியவன் நிச்சயம் அவசரக்காரன். தூசியைக்கூடத் துடைக்காமல் பசையைத் தடவியிருக்கிறான். தப்பாக நினைக்காதீர்கள். தூண்டில் கம்பு செய்கிறவனுக்கு எங்கே போனாலும் கண் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் போய் நிற்கும். என் அக்கா கல்யாணத்தன்றுகூட நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் செருப்பைத்தான் பார்த்தேன். அடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அப்போதே யாரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது செத்துப்போயிருக்கும் என் அத்தான். என் கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். வேலை போய் வீட்டில் சும்மா படுத்திருந்தவரை, அக்கா கேட்டாள் என்பதற்காக என் பட்டறையில் சேர்த்துக்கொண்டேன். அக்கா பேச்சை நான் தட்டியதில்லை.

கம்பு செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெறும் கம்பை வாங்கி, அடியில் தக்கைக் கைப்பிடியை மாட்ட வேண்டும். தூண்டில் நரம்பு ஓடுவதற்கு வளையங்களை வைத்து, அவற்றின் காலை நூலால் இறுக்கிச் சுற்றி, அந்தச் சுற்றின் மேல் பளபளவென்று ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒட்டும்போதுதான் ஒருவனின் லட்சணம் தெரியும். கைப்பிடிக்கு நான் போடுவது நிதானமாக இறுகும் பசை. அது இரண்டு குப்பியாக வரும்; இரண்டிலிருந்தும் சரிக்குச் சரி எடுத்து, குமிழி வராமல் மெதுவாகக் குழைக்க வேண்டும். அது தக்கையின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்க ஒரு ராத்திரி ஆகும். பூச்சு அதைவிடத் தொல்லை. கம்பைச் சின்ன மோட்டாரில் மெல்லச் சுற்றவிட்டு, ஒரு பக்கமாக வழியாமல் காவல் காக்க வேண்டும். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது.

அத்தான் தும்முவார். காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலை வைத்து அழுத்தியும் பார்ப்பார். ஒரு பல் டாக்டருக்குச் செய்து கொடுத்த கம்பில் அவர் ரேகை இன்னும் அச்சாக இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்பட்டால் டாக்டரின் முகவரி தருகிறேன்.

ஒரு நாள் ஐந்தே நிமிடத்தில் இறுகும் பசையை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எல்லாம் பசைதானடா மச்சான். நீ ராத்திரி பூரா உக்காந்து ஒட்டுறத நான் டீ ஆறுறதுக்குள்ள ஒட்டிருவேன்."

"தண்ணியில விட்டுடும் அத்தான். கம்பு ஒரு பக்கம் போகும், கைப்பிடி ஒரு பக்கம் போகும்."

"பாத்துருவோமே. இந்த மழைக்காலம் முடியிற வரைக்கும் என் கம்பு தாங்குச்சுன்னா, இனிமே கடையில இந்தப் பசைதான். விட்டுச்சுன்னா நான் நடையக் கட்டுறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்காவும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மெதுவாகச் செய்கிறான், ஆனால் உறுதியாகச் செய்கிறான் என்றுதான் எல்லோரும் என்னைத் தேடி வந்தார்கள். உறுதிக்கு நிதானமே தேவையில்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் நான் யார்? வெறும் சோம்பேறி.

அவர் சொன்னபடியே டீ ஆறுவதற்குள் ஒட்டிவிட்டார். பூச்சைப் பார்த்திருக்கிறீர்களா, முழுக்கக் குமிழி. அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மழையிலும் மீன் பிடிக்கப் போனார், வந்தார். கைப்பிடி அசையவில்லை. நானும் என்னால் ஆன உதவியைச் செய்தேன். வெயில் அடித்த நாட்களில் அதை மூடிய காருக்குள் போட்டு வைத்தேன். அவர் தூங்கும் நேரத்தில் உப்புத் தண்ணீர் வாளியில் ஊற வைத்தேன். இடுக்கியில் மாட்டி முறுக்கினேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை ஐயா, சோதனை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அவரோ கையில் மீனோடு வந்து, "என்னடா மச்சான், உன் பசை காஞ்சிருச்சா?" என்று கேட்பார். அன்று ராத்திரி வாளியில் இன்னொரு கை உப்பை அள்ளிப் போடுவேன்.

மழைக்காலம் முடியப்போகிற சமயம், கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைக்கரைக்கு என்னைச் சாட்சிக்குக் கூட்டிப் போனார். பெரிய மீன் ஒன்று மாட்டியது. கம்பு வில்லாக வளைந்தது, கைப்பிடி கிண்ணென்று நின்றது. என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினார். காலடியில் பாசி. விழுந்துவிட்டார். நான் தள்ளவில்லை, அதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

கைப்பிடி கழன்றதால் தடுமாறி விழுந்தார் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மீனவர் வலையில் சிக்கி வந்த கம்பை இப்போது இந்த மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் முறுக்கியதை நானும் பார்த்தேன். சரி, கழலவில்லை.

நடந்தது இதுதான். அவருக்கு நீச்சல் வராது. ஆனால் கம்பை விடவில்லை. அதைத் திருப்பி, கைப்பிடியை என் பக்கம் நீட்டி, "புடிடா மச்சான், இழு" என்றார். பிடித்தேன். பாறையில் காலை ஊன்றிக்கொண்டு என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். ஒரு பக்கம் அவருடைய கனமும் கடலின் இழுப்பும், இன்னொரு பக்கம் நான், நடுவில் அந்த ஒட்டு. எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு சோதனை வாய்க்காது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஒட்டைத்தான் பார்த்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. கை கொடுத்தால் ஏறிவிடும் தூரத்துக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, வாயெல்லாம் உப்புத் தண்ணீர், அந்த நிலையிலும் சிரித்தார்.

"பாத்தியா, விடலடா."

கரை ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவிடம் சொல்வார். கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். தன் உயிரைக் காப்பாற்றியதே இந்தப் பசைதான் என்று பேரன் பேத்தி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். கையை விரித்தேன். ஆபத்துக்கு உதவும் என்று கொண்டுபோன கயிறு என் தோளில்தான் கிடந்தது. அதையும் எடுக்கவில்லை. பசையின் மேல் குற்றமில்லை, விட்டது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அக்காவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள் ஐயா. ஒரு மழைக்காலம் தாங்கியதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. இன்னொரு மழை பெய்திருந்தால் அது கட்டாயம் விட்டிருக்கும். அதுவரைக்கும் பொறுத்திருந்து பார்க்க அத்தானுக்குத்தான் பொறுமை இல்லாமல் போய்விட்டது.